சுருதி

காலை ஏழே முக்கால். ஷட்டரைத் தூக்கியதும்
நான் முதலில் பார்ப்பது சாமி படத்தை அல்ல, சிலிண்டரை.
முள் பச்சையில் நிற்கிறதா,
சாவி கயிற்றில் தொங்குகிறதா.
பிறகு சிவப்புப் பெட்டி:
அட்ரினலின் மார்ச் வரை,
மயக்கம் முறிக்கும் மருந்து நவம்பர் வரை.
நோட்டில் தேதி. கீழே பு. செண்பகவல்லி.
ஆறு வருஷமாக
யாரும் அதைப் புரட்டியதில்லை.

இன்று சன்னாசி. செம்பனை லோரி ஓட்டுபவர்.
நூற்று நான்கு கிலோ, கழுத்து என் தொடையளவு.
கடைவாய்ப் பல் எலும்புக்குள் படுத்துக் கிடக்கிறது.
ஊசியைக் கண்டால் கை உதறும்,
அதற்குத்தான் இந்த அரைத் தூக்கம்.
போன செவ்வாய் இரண்டு ரொட்டி சானாயை
உள்ளே தள்ளிவிட்டு வந்தார்.
மீசையில் ஒட்டியிருந்த பருப்புக் கறி சாட்சி.
திருப்பி அனுப்பினேன்.
"தைப்பூசத்துக்கே நான் இவ்வளவு விரதம் இருந்ததில்ல"
கதவை அறைந்துவிட்டுப் போனார்.

இன்று வெறும் வயிறு. மனைவி சத்தியம் செய்தாள்.
"குறட்டை விடுவாரா?"
அவள் சிரித்தாள்: "லயமே எழுந்து உக்காரும்."
எழுதிக்கொண்டேன். நான் சிரிக்கவில்லை.

மருந்து நரம்பில் மெல்ல இறங்கியது.
கண் சொருகியது.
துளைக்கருவியின் கீச்சு, உறிஞ்சுகுழாயின் கரகரப்பு,
வெளியே ஹுத்தான் மெலிந்தாங் கடைத்தெருவில்
பள்ளிப் பேருந்தின் ஹார்ன்.
இவை எல்லாவற்றுக்கும் அடியில்
விரல் நுனியில் மாட்டிய கருவி
டிங், டிங் என்று
தொண்ணூற்றெட்டைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அதற்கு ஒரு நல்ல குணம்:
இரத்தத்தில் காற்று குறைந்தால் சுருதியும் குறையும்.
கண் எங்கே இருந்தாலும் காது கேட்கலாம்.

இறங்கியது.
திரும்பிப் பார்க்குமுன் இன்னும் கொஞ்சம்.
தொண்ணூற்றொன்று.
"டாக்டர், நிறுத்துங்க."
டாக்டர் தவமலர் ஏன் என்று கேட்கவில்லை.
கருவி வாயை விட்டு வெளியே வந்தது.

எண்பத்தெட்டு.
மார்பு எழப் பார்க்கிறது,
குறட்டை பாதியில் நிற்கிறது.
தெலுக் இந்தானிலிருந்து ஆம்புலன்ஸ் வர
இருபத்தைந்து நிமிடம்,
முன்னால் போகும் செம்பனை லோரி வழிவிட்டால்.
மூளைக்குப் பொறுமை நான்கு.

தாடையின் இரு மூலையிலும் விரல் கொடுத்து
முன்னே தூக்கினேன். தாடி முள்ளாய்க் குத்தியது.
நூர் ஹயாத்தி முகமூடியைப் பொருத்தினாள்.
சாவியை அவள் தேடவில்லை.
டாக்டர் தோளைத் தட்டிப் பெயர் சொல்லி அழைத்தார்,
"சன்னாசி, மூச்சை இழுங்க. நல்லா இழுங்க."
மாதம் ஒரு சனிக்கிழமை
இதே நாற்காலியில் அரிசி மூட்டையைச் சாய்த்து வைத்து
சிரித்துச் சிரித்து நாங்கள் செய்து பார்த்த அதே வரிசை.
இன்று அரிசி மூட்டை
மூச்சு விட்டது.

டிங். அடுத்தது கொஞ்சம் மேலே.
தொண்ணூற்று மூன்று.
தொண்ணூற்றேழு.
அப்போதுதான் என் முழங்கால் நடுங்கத் தொடங்கியது.

பதினொன்றரைக்குப் பஞ்சைக் கடித்தபடி,
"முடிஞ்சிருச்சா? நல்ல தூக்கம்" என்றார்.
டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்.
குறட்டையைச் சோதிக்கக் கடிதம் கொடுத்தார்.
இன்று ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது.
மனைவி மட்டும் என்னைப் பார்த்தாள்,
ஏதோ கேட்க நினைத்து, பையைத் தூக்கிக்கொண்டாள்.

சிவப்புப் பெட்டியில்
முறிக்கும் மருந்து உடைபடாமல் அப்படியே இருக்கிறது.
நவம்பரில் தூக்கி எறிவேன், புதிதாக வாங்கச் சொல்வேன்.
கணக்குப் பார்க்கும் தம்பி கேட்பான்,
"நூத்து எண்பது வெள்ளி, போன தடவையும் தொடவே இல்லையேக்கா?"

ஆமாம் என்பேன்.