ஒரு மணிக்கு ஒரு சாண்

முதலாம் குறுக்குத் தெருவில் வயர்க் கடை.
சுருளை உருட்டி, அளந்து, வெட்டுவது என் வேலை.
லாச்சிக்குள் பௌதிகவியல் கொப்பி,
இரண்டாந்தரம் எழுதப்போகும் பரீட்சைக்கு.

நேற்று ஆளில்லாத மத்தியானத்தில்
ஒரு கணக்குச் செய்தேன்.
ஒன்றரைச் சதுர மில்லிமீற்றர் செம்பு, ஓர் அம்பியர்:
இலத்திரன் என்ன வேகத்தில் நகரும்?
வந்த விடையைப் பிழையென்று வெட்டினேன்.
திரும்பச் செய்தேன், அதே விடை.
மணித்தியாலத்துக்குப் பதினெட்டுச் சென்ரிமீற்றர்.
மேசையில் கையை விரித்துப் பார்த்தேன்.
என் சாணுக்கும் குறைவு.

பிறகேன் ஆளியைத் தட்டியதும்
குமிழ் எரிகிறது?

பின்னேரம் நூறாம் இலக்க பஸ்.
"இஸ்ஸரஹட்ட யன்ன" என்று கொண்டக்டர் கத்த,
பின்படியில் ஒருவர் தொற்றி ஏற,
முன்படியால் ஒருத்தி இறங்கிப்போனாள்
இறங்கும் எண்ணமே இல்லாமல்.
நடுவில் நின்ற நான் அரை அங்குலம் அசைந்தேன்.
கம்பி முழுக்க ஏற்கெனவே ஆட்கள்.
விரைவது ஆளில்லை,
தள்ளல்.

வெள்ளவத்தையில் இறங்கும்போது உவமை உடைந்தது.
நான் இறங்கிவிட்டேனே.
சுற்றில் யாருக்கும் இறக்கம் கிடையாது.
புறக்கோட்டைக்குப் போனவர் அத்தனை பேரும்
வேறு வழியால் சுற்றி
பாணந்துறையில் திரும்ப ஏறவேண்டும்.
எங்கேயோ ஒரு பாலம் விட்டுப்போனால்
கடைசி ஆள்வரை நிற்கவேண்டும்,
எல்லாரும் ஒரே கணத்தில்.

இன்று காலை மருதானையிலிருந்து பியசோம வந்தார்.
குளியலறை ஹீற்றருக்கு மெல்லிய வயர் போதுமாம்,
விலை பாதியாம்.
"போகும் கரண்ட் அதேதானே?"
அதேதான், அதுதான் பிரச்சினை என்றேன்
என் அரைகுறைச் சிங்களத்தில்.
காலி வீதிச் சனத்தை ஓர் ஒழுங்கைக்குள் விட்டுப் பாருங்கள்,
சுவர் சுடும்.
சிரித்தார். எதிர்க்கடையில் வாங்கினார்.
அவன் கேள்வி கேட்பதில்லை.

இரவு, கடை பூட்டுமுன்
கொப்பியின் ஓரத்தில் இன்னொரு வரி கண்டேன்,
போன வருடம் நானே எழுதி மறந்தது:
வீட்டு மின்னில் அந்தச் சாணும் இல்லை.
செக்கனுக்கு ஐம்பது தரம் முன்னும் பின்னும்,
நிகரப் பயணம் பூச்சியம்.

தலைக்கு மேலே குமிழைப் பார்த்தேன்.
எங்கேயும் போகாதவைதான்
இவ்வளவு நேரமும்
இந்தக் கணக்கை எனக்குக் காட்டிக்கொண்டிருந்தன.

பியசோமவின் ஹீற்றர் எண்ணாயிரம் வாற்றோ என்னவோ.
தொலைபேசி எண் பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் இருக்கும்,
போன மாதம் இரண்டு ஆளி வாங்கினார்.
தேடி எடுத்தேன்.
மணி அடிக்கிறது.
மறுமுனையில் இன்னும் எடுக்கவில்லை.