சாதா

போர்ட் பிளேரிலிருந்து ஐந்து நாள் லீவில் வந்திருந்தேன்.
கோயில், மஹால், ஜிகர்தண்டா என்று
தங்கை எழுதித் தந்த பட்டியல் கைப்பையில்.
இரண்டாம் நாள் காலை
ஈரத் துண்டை உலர்த்த லாட்ஜ் மாடிக்குப் போனால்

பக்கத்து மொட்டைமாடியில் எட்டொன்பது பேர்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
அத்தனை தாடையும் மேலே.
ஒருவர் மல்லாந்தே கிடந்தார், மார்பில் கடிகாரம்.

"என்னண்ணே பாக்குறீங்க?"
"போட்டி நடக்குதும்மா."
"எங்க?"
அவர் காட்டிய இடத்தில்
வெயில் இருந்தது. வேறொன்றும் இல்லை.

புறாவாம்.
ஆறு பத்துக்கு விட்டதாம்.
அதிக நேரம் இறங்காமல் பறப்பது ஜெயிக்குமாம்.
இனத்தின் பெயர் சாதா.
"பேருதான் சாதா" என்றார் ஜெய்லானி,
பைக் மெக்கானிக், புறாவுக்குச் சொந்தக்காரர்.
நகத்திடுக்கில் கிரீஸ்,
உள்ளங்கையில் நாலு கம்பு.

மணிக்கொரு தரம் நடுவர் கண்ணில் அது பட வேண்டும்.
நடுவர் எதிர் அணி ஆள், செல்லூர் வீரணன்.
இவர் ஆள் ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்.
எதிரியின் மாடியில் எதிரியின் சோற்றைத் தின்றபடி
எதிரியின் புறாவை எண்ணுவது:
இதை எந்த ஊர் விளையாட்டிலும் நான் பார்த்ததில்லை.

கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் போய்விட்டேன்.
நாற்காலி போட்டார்கள்.
பத்து மணிக்குக் கழுத்து வலித்தது.
பதினொன்றுக்கு வானம் வெள்ளையாகிக்
கண்ணுக்குள் புழுக்கள் நெளிந்தன.
நடுவே ஒரு வைரி வட்டமிட்டுப் போனது.
ஜெய்லானி கையிலிருந்த டீ அப்படியே ஆறியது.

பன்னிரண்டு தாண்டியும் புறா தென்படவில்லை.
சலுகை பத்து நிமிஷம்.
அதில் ஏழு போய்விட்டது.
"அங்கிட்டுப் பாரு", "கோபுரத்துக்கு மேல பாரு",
"ஆத்தாடி, மேகம் வேற."
வீரணன் எழுந்து நின்று கண்ணைக் கசக்கினார்.

என் வேலை படகு டிக்கெட் கவுண்டரில்.
கடல் முடியும் கோட்டில்
ஒரு கடுகு அசைந்தால்
அது ஹாவ்லாக் படகு, இருபது நிமிஷம் தாமதம்
என்று சொல்லிப் பழகிய கண்.
அந்தக் கோட்டைத் தூக்கித் தலைக்கு மேல் போட்டேன்.

இருந்தது.
தண்ணீர்த் தொட்டிக்கு நேர் மேலே,
உப்புக்கல் ஒன்று மின்னி மின்னி.

"அதோ!"
ஒன்பது பேரும் என் விரல் நுனியில் வந்து நின்றார்கள்.
ஒருவருக்கும் தெரியவில்லை.
"நீங்க பாத்தது கணக்குல வராதும்மா" என்றார் வீரணன்,
வருத்தமாகத்தான். "நான் பாக்கணும்."

ஒன்பதாவது நிமிஷம்.
மதியச் சாப்பாடு கீழே தாளித்த வாசனை.
ஜெய்லானி யாரையும் கெஞ்சவில்லை.
தரையில் சிந்தியிருந்த கம்பைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"தெரியுது" என்றார் வீரணன்.
நோட்டில் நேரத்தை எழுதினார்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது
தொட்டிக்கு இரண்டு முழம் கிழக்கே.

நான் வாயைத் திறக்கவில்லை. வெளியூர்க்காரி.

நாலு இருபதுக்கு அது இறங்கியது,
சிறகில் நேற்று குத்திய முத்திரை கலையாமல்.
தண்ணீரில் அலகை வைத்தது, அவ்வளவுதான்.
செல்லூர்ப் புறா இன்னும் பறக்கிறதென்று போன் வந்தது.
தோற்ற வீட்டில் வீரணனுக்கு
இன்னொரு டீ போட்டார்கள்.

தங்கை போனில் கேட்டாள்: "என்னக்கா பாத்த?"
கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டே
நான் இன்னும்
தொட்டிக்கு மேல்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.