மும்முனை

பேர் வைத்தவன் மாஸ்கோ.
ஆமாம், அவன் பேரே அதுதான்.
அப்பா விவசாயத் தொழிலாளர் சங்கம்;
திருத்துறைப்பூண்டிப் பக்கம் அதுவும் ஒரு பேர்.
இரவு பத்துக்கு மேல்தான் மும்முனை கரண்ட் வரும்.
அதுவரை ஆம்ப்ளிஃபயர் முக்கும், முனகும்,
குறைந்த வோல்டேஜில் என் கிடார்
சளி பிடித்த கொசு.
"மும்முனைன்னே வச்சிரலாம்டா" என்றான்.
நாங்கள் நாலு பேர் இருந்தோம்.
யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

பூவனூர் வாய்க்காலோரம் என் சித்தப்பாவின் மோட்டார் கொட்டகை.
மோட்டாரை நிறுத்த முடியாது,
குறுவை நாற்று தண்ணீர் கேட்கும்.
ஹாஜாதான் முதலில் பேஸ் கிடாரின் தடித்த தந்தியைத் தளர்த்தி
மோட்டாரின் சுதிக்கு இறக்கினான்.
நானும் இறக்கினேன்.
இலக்கியா தொண்டையைச் செருமிக்கொண்டு இறங்கி வந்தாள்.
எந்த வீடியோவிலும் சொல்லித்தராத சுதி;
இரண்டு சுரத்துக்கு நடுவே
வரப்பில் நிற்கிற மாதிரி.

டிரம் செட் மகளிர் குழுக் கடன்.
படிவத்தில் கறவை மாடு என்று எழுதி
மாஸ்கோவின் அம்மா கையெழுத்துப் போட்டாள்.
சரிபார்க்க வந்த பையனுக்கு
அடுத்த வீட்டுச் செவலையைக் காட்டினாள்.
அது அவனை முட்ட வந்தது.
தவணை செவ்வாய்தோறும்.

இலக்கியா கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தர்.
பாட்டெல்லாம் பட்டியலின் முதுகில்தான்.
'பதினேழுக்கு மேல் ஈரப்பதம்
எடுத்துக்கிட்டுப் போ
மழையில நின்னது நெல்லா நானா
எடுத்துக்கிட்டுப் போ'
அதை அவள் பாடவில்லை, கத்தினாள்.
மூட்டை மேல் படுத்துத் தூங்கிய ஆட்களை
எட்டு மணி நேரம் பார்த்துவிட்டு வந்த தொண்டை.

வலங்கைமான் பக்கம் ஒரு திருவிழா.
மூன்றாவது பாட்டில் விழாக்குழுவிலிருந்து சீட்டு வந்தது:
சினிமாப் பாட்டு பாடவும்.
நாலாவதில் மைக்கை அணைத்தார்கள்.
பேசியதில் பாதிப் பணம், ஒரு பொன்னாடை.
பொன்னாடையை மாஸ்கோ பெரிய டிரம்முக்குள் திணித்தான்.
இன்றும் அதில்தான் இருக்கிறது.
சத்தம் கொஞ்சம் அடங்கி நன்றாகவே கேட்கிறது.

திரும்பும்போது நீடாமங்கலம் கேட்.
போட்டுவிட்டார்கள் என்றால் போட்டதுதான்.
சரக்கு ரயில் போவதும் வருவதுமாக
எஞ்சினைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தது.
முன்னால் மன்னார்குடி பஸ்,
பின்னால் கரும்பு லாரி,
நடுவே மைக்செட்காரரின் குட்டியானையில் நாங்கள்.
அவரே ஜெனரேட்டரை இழுத்துவிட்டார்,
"பாதிதான குடுத்தானுவ, மீதிய இங்க வாசிங்க."
வாசித்தோம்.
பஸ்ஸிலிருந்து தலைகள் நீண்டன.
ஒருத்தி தூங்கும் பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டே கேட்டாள்.
லாரிக்காரர் ஹாரனில் தாளம் போட்டார், தப்பாக.
மாஸ்கோ தன் தாளத்தை மாற்றி
அவர் தப்போடு சேர்ந்துகொண்டான்.
'எடுத்துக்கிட்டுப் போ' என்று
இருட்டில் ஏழெட்டுக் குரல்கள்.
கேட் திறந்தது.
கைதட்ட யாருக்கு நேரம்?
ஒரே நிமிடத்தில் டீசல் புகையும் நாங்களும்.
அந்தப் பாட்டுக்கு இன்னும் முடிவு வைக்கவில்லை.

கூத்தாநல்லூரில் பாதிப் பேருக்கு வருவது
ஹாஜாவுக்கும் வந்தது: சிங்கப்பூர் விசா.
ஏஜென்ட் பணத்துக்கு பேஸ் கிடாரை விற்றான்.
வாங்கியவன் சர்ச்சில் வாசிக்கிறானாம்,
சரியான சுதியில்.
பேருக்கு ஏற்றபடி மூன்று பேரானோம்.
வேறு ஆள் தேடவில்லை.
மோட்டார் இருக்கிறதே.

திருச்சி ஸ்டுடியோவில் மணிக்கு எண்ணூறு ரூபாய்.
போனில் பதிந்து கொண்டுபோனதை
எஞ்சினியர் இரண்டு முறை கேட்டார்.
"சுதி சேரலையே. அப்புறம் கீழ ஒரு இரைச்சல்.
எடுத்திரட்டுமா?"
ஒரே ஒரு சொடுக்கு, எடுத்தும்விட்டார்.

மாஸ்கோ என்னைப் பார்த்தான்.
சுவரில் கடிகாரம் நாற்பது ரூபாய்க்கு நகர்ந்தது.

"திரும்பப் போடுங்கண்ணா" என்றாள் இலக்கியா,
"அது எங்க பேஸ்."