ஆயிரத்து இருநூறு தப்பு

கப்பலூர் சிட்கோ, எங்கள் ஷெட்டில்
இந்த மாதம் முழுக்க எனக்குத்
தப்பாகப் பற்றவைக்கிற வேலை.

கேமராவுக்குப் படிப்பு சொல்லித்தரணுமாம்.
நல்ல வெல்டு அதனிடம் மலையாகக் கிடக்கிறது,
கெட்டதுதான் போதவில்லை.
'ரகத்துக்கு இருநூறு அண்ணே' என்றாள்
கம்ப்யூட்டர் கம்பெனி ஜெசிந்தா.
ஆறு ரகம். பட்டியலைச் சுவரில் ஒட்டினாள்.
பீஸுக்கு ஒன்பது ரூபாய்.
நல்லதுக்கு முதலாளி தருவது ஆறு ஐம்பது.

செக்கிங் பார்த்த பவுன்தாயின் ஸ்டூல் மேல்தான்
கேமராவை வைத்திருக்கிறார்கள்.
உயரம் சரியாக இருந்ததாம்.

முதல் நாள் கை கேட்கவில்லை.
ஓரம் அரிக்கட்டும் என்று கரண்டை ஏற்றினால்
மணிக்கட்டு தானே நின்று நிரப்பிவிடுகிறது.
நாற்பதில் முப்பத்தொன்று நல்லதாகப் போய்
ஜெசிந்தா தலையில் கைவைத்துக்கொண்டாள்.
'ஒச்சப்பண்ணனுக்கு ஒரு குவார்ட்டர் ஊத்துங்க,
தன்னால வரும்' என்றான் மொக்கராசு.

அப்புறம் பிடிபட்டது.
ராடை ராத்திரி ஈரச் சாக்கில் சுற்றிவைத்தேன்,
காலையில் வெல்டு முழுக்கத் துளை.
கிரீஸைத் துடைக்காமல் கொஞ்சம்.
கசடைத் தட்டாமல் மேலேயே ஓட்டிக் கொஞ்சம்.
சூட்டோடு வாளித் தண்ணீரில் முக்கினால்
டிக்கென்று ஒரு சத்தம்,
முடியளவு விரிசல்.

'சத்தந்தான் முதல்ல வரும்மா,
கண்ணுக்கு அப்புறந்தான் தெரியும்.'
குறித்துக்கொண்டாள்.
மறுநாள் மைக் வந்து இறங்கியது.
வாயை வைத்துக்கொண்டு இருந்திருக்கலாமோ என்று
திருமங்கலம் போகிற பஸ்ஸில்
கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.

'கெடுக்கத்தானே காசு, அதுக்கென்ன இம்புட்டு அலுப்பு?'
வீட்டில் கேட்டாள்.
கெடுப்பது அலுப்பில்லை.
சொன்ன அளவுக்குக் கெடுப்பதுதான்.

சனிக்கிழமை சோதனை.
கெட்டதை எல்லாம் பிடித்துவிட்டது.
கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.
பிறகு ஜெசிந்தா, சும்மா, ஆர்டர் வேலையிலிருந்து
ஒரு டிரெய்லர் பிராக்கெட்டை எடுத்து வைத்தாள்.
அன்று காலை நான் போட்டது,
பட்டியலுக்காக இல்லை.
கேமரா பச்சை. மைக் சிவப்பு.

'மிஷினுக்கு இன்னும் பழகல' என்றார் முதலாளி.
நான்தான் அறுத்துப் பார்க்கலாம் என்றேன்.
ஆக்சா பிளேடு இரண்டு போனது.
உள்ளே, அடித்தட்டில்,
முடியளவு.

எனக்கு அந்தச் சத்தம் கேட்கவேயில்லை.
பதினெட்டு வருசம் கிரைண்டர் பக்கத்தில் நின்ற காது.
இந்த மாதத்துப் பழக்கம் கையில் ஒட்டிக்கொண்டதா,
முன்பிருந்தே இப்படித்தானா?
அறுத்துப் பார்த்தவர் யாருமில்லை.

கப்பலூர் பாலத்தில்
கரும்பு ஏற்றிய டிரெய்லர் ஒன்று முனகிக்கொண்டு ஏறுகிறது.
ஸ்டாப்பில் நிற்கிற எல்லோரும்
பஸ் வருகிற திசையைப் பார்க்கிறார்கள்.
நான் குனிந்து
அதன் அடியைப் பார்க்கிறேன்.