இடுப்புவார்

இந்த வார் எனக்கென்று வாங்கியதில்லை.
லெர்விக்கில் பழைய சாமான் கடையில்
உடைந்த கடிகாரங்களோடு கிடந்தது.
தோல் மெத்தைக்குள் குதிரைமயிர்,
ஊசியை நட்டு நிறுத்தப் பொத்தல்கள்.
யார் இடுப்பில் எத்தனை குளிர்காலம் கிடந்ததோ,
பட்டையில் நான்காம் துளை மட்டும்
வாய் பிளந்து நீண்டிருந்தது.
நான் இரண்டில் மாட்டினேன்.
அது மார்ச். ராஸ்மியைத் தவிர
யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.

பகலில் சால்மன் ஆலை.
ரப்பர் உறைக்குள் விரல் மரக்க மரக்க
முள் பிடுங்குவேன்.
இரவில் அதே விரல்களுக்குக்
கம்பளி என்று ஒன்று இருப்பது உறைக்கவே
கால் மணி ஆகும்.
ஆறு மணி வண்டியில் பக்கத்து இருக்கை இல்ஸே,
லாட்வியாக்காரி, மனதில் எதையும் வைக்கத் தெரியாதவள்.
மடியிலிருந்த சாம்பல் சதுரத்தைப் பார்த்து
முகம் சுளித்தாள்.
"பிறக்குமுன் பின்னாதே ஓஸ்லா.
கொடி கழுத்தில் சுற்றிக்கொள்ளும்."
அவளுக்குத் தெரியும் என்பது
அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சிரித்து வைத்தேன்.
அன்றிரவு மட்டும் நூலுருண்டையைக்
கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் படுத்தேன்.

ஜூனில் எங்கள் தீவில் சரியாக இருட்டுவதே இல்லை.
பதினோரு மணிக்கும் விளக்கில்லாமல் கண்ணி எண்ணலாம்.
சதுரத்தைச் சுற்றி அலை விரிந்தது,
வெள்ளை, நனைந்த மண்ணின் பழுப்பு,
மறுபடி வெள்ளை.
வார் ஐந்துக்குப் போனது. பிறகு ஏழு.
ஏழோடு பட்டை தீர்ந்தது.
ராஸ்மி ஆணியைக் காய்ச்சி
எட்டாவதாக ஒன்று போட்டான், கோணலாய்.
கருகிய தோல் நாற்றத்தில்
ஓடிப்போய் வாந்தியெடுத்தேன்.
"இது எந்த மாதக் குமட்டல்?" என்று
வெளியே நின்று கேட்கிறான், மடையன்.

நூலுருண்டைக்கு வயிற்றைத் தவிர
வேறு மேசையில்லை.
ஒரு மாலை அது தானாய் உருண்டு விழுந்தது.
எடுத்து வைத்தேன்.
விழுந்தது.
மூன்றாம் முறை வேண்டுமென்றே வைத்தேன்.

ஓரப்பின்னல்,
முடிந்துவிட்டதென்று நம்பவைக்கும் நெடுவழி.
சால்வையைச் சுற்றிலும் நானூற்றெண்பது கண்ணி.
போய்த் திரும்பும் இரண்டு வரிக்கு
ஒரே ஒரு கண்ணி கழியும்.
மருத்துவச்சி குறித்துத் தந்தது நவம்பர் மூன்று.
நாளுக்கு எட்டு என்று வகுத்தேன், மீதியில்லை.
அவ்வளவு சரியாக வந்ததுதான்
பயமாக இருந்தது.

நூற்றுப்பத்து பாக்கி இருக்கையில்
பனிக்குடம் உடைந்தது.
புயல். படகு ஓடவில்லை. ஹெலிகாப்டர்.
பையை எடு என்றால் ராஸ்மி
மாற்றுத்துணிப் பையை விட்டுவிட்டுப்
பின்னல் பையோடு ஏறி உட்கார்ந்திருக்கிறான்.

கொடி சுற்றித்தான் இருந்தது.
ஒரு சுற்று, தளர்வாக.
மருத்துவச்சி விரல் நுழைத்துத்
தலைக்கு மேலாக எடுத்துவிட்டு
"நிறையப் பிள்ளைகளுக்கு இப்படித்தான்" என்றாள்,
நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.
அதன் பிறகுதான் அழுகை. அவளுடையது முதலில்.
இல்ஸேயிடம் இதைச் சொல்லப்போவதில்லை.

மருத்துவமனைத் துவாலை வேண்டாமென்றேன்.
முடியாத ஓரத்துக் கண்ணிகளில்
முரட்டு நூல் ஒன்றைக் கோத்து,
அவிழாதபடி,
அப்படியே அவளைச் சுற்றினோம்.

இப்போது வார் ஆறில்.
அவள் உள்ளே தூங்க
வெளியே நான் ஓரம் பின்னுகிறேன்.
ஒவ்வொரு வரித் திருப்பத்திலும்
பிள்ளையையும் சேர்த்துத் திருப்பவேண்டியிருக்கிறது.
நூல் திடீரென வரமறுக்கும்;
இழுத்துப் பார்த்தால்
மறுமுனை அவள் கைமுட்டிக்குள்.
விரல் விரலாகப் பிரிக்கலாம்.
எழுந்துவிடுவாள்.

நேற்று ஒன்றுமில்லை. இன்று மூன்று கண்ணி.
நாலாம் மூலை திரும்ப
இன்னும் எண்பத்தேழு.