பதினாறு குதிரை

குட்டியானை என்று பெயர்.
ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தால்
உள்ளே இருப்பது பதினாறு குதிரை.
அதில் நாலைந்துக்கு வயதாகிவிட்டது,
ஒன்று எப்போதும் நொண்டும்.
இதெல்லாம் தெரிந்துதான் ராஜவேணி கேட்டாள்:
"நல்லவாட்டுலேர்ந்து தேவனாம்பட்டினம்.
இழுக்குமா, இழுக்காதா?"

இழுக்கும் என்றேன்.
தவணை ஏழாம் தேதி.

படகு பழசு.
அடியில் கைநீளத்துக்கு விரிசல், என்ஜின் கிடையாது.
இருந்திருந்தால் கடல்வழியே அதுவே போயிருக்கும்
என்னை ஒரு வார்த்தை கேட்காமல்.
விற்றவர் தன் சாமியின் பெயரைச்
சுரண்டி எடுத்துக்கொண்டு
'துணை'யை மட்டும் விட்டுவைத்திருந்தார்.
யார் துணை என்று இனி இவள்தான் எழுத வேண்டும்.

அம்பாசடர் அச்சில் வெல்டிங் வைத்த இழுவண்டி.
கட்டைவிரல் தடிமனில் ஒரு பின்,
அது கழன்றால் இருக்கட்டும் என்று ஒரு சங்கிலி.
அவளுடைய மகளிர் குழுக் கடனும்
என்னுடைய ஃபைனான்ஸ் கடனும்
அந்த ஒரு பின்னில் கோத்துக்கொண்டு
தவளக்குப்பம் தாண்டின.

இருபதில் போனேன்.
முதுகுக்குப் பின்னால் பஸ் ஹாரன்கள் வரிசை கட்டின.
கிருமாம்பாக்கத்தில் பைக்கில் முந்திய ஒருவன்
"கடல் அந்தப் பக்கம்ணே" என்று
கிழக்கே கை காட்டிப் போனான்.

முள்ளோடையில் நிறுத்தினார்கள்.
பாண்டியிலிருந்து வருவது எதுவானாலும்
அவர்களுக்கு அது பாட்டில்தான்.
பூட்ஸைக் கழற்றாமல் ஏறினார் ஒரு காவலர்,
பலகையைத் தூக்கிப் பார்த்தார்.
கிடைத்தவை:
ஈயக்குண்டு மூன்று, காய்ந்த நண்டு,
ஒற்றைச் செருப்பு.
இறங்குவதற்கு முன்
அணியத்தில் ஒரு நிமிடம் நின்று
தெற்கே பார்த்தார், இடுப்பில் கைவைத்து.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பெண்ணையாற்றுப் பாலம்.
அதை ஏற்றம் என்று சொன்னால் சிரிப்பார்கள்,
பால்காரர் சைக்கிளில் மிதித்தே ஏறிவிடுவார்.
முதல் கியர். கிளட்ச் தீய்ந்த வாசம்.
வெப்ப முள் சிவப்பில் தலைவைத்துப் படுத்துவிட்டது.
ராஜவேணி குதித்து இறங்கினாள்,
சேலையை இழுத்துச் செருகி
கையில் சவுக்குக் கட்டையோடு
சக்கரத்தை ஒட்டியே நடந்தாள்.
வண்டி நின்றால் கட்டையைப் போட வேண்டும்.
பாதிப் பாலத்தில்
நடந்தவள் எங்களை முந்திவிட்டாள்.
நின்று, திரும்பி வந்து,
மறுபடி நடந்தாள்.

இழுப்பதைப் பற்றியே யோசித்து வந்தவன்
இறக்கத்தை யோசிக்கவில்லை.
எனக்கு பிரேக் உண்டு, அதற்குக் கிடையாது.
முதலில் முதுகில் மெதுவாகக் கைவைத்தது படகு,
பிறகு தள்ளியது.
பக்கக் கண்ணாடியில் 'துணை',
எழுத்துகள் இடவலம் மாறி
ஆடி ஆடி வந்தது.
மிதித்தேன். வழுக்கியது. விட்டு மிதித்தேன்.
யாரோ இளநீர் வண்டியை ஓரம் தள்ளினார்.
மஞ்சக்குப்பம் சிக்னல் பச்சையாகவே இருந்தது.
யாருக்கு நன்றி சொல்ல?
பெயரைத்தான் சுரண்டிவிட்டார்களே.

கரையில் பதினெட்டுப் பேர் வந்தார்கள்,
பின்னைக் கழற்றினார்கள்,
தோள் கொடுத்துத் தூக்கி மணலில் வைத்தார்கள்
ஒரு பீடி முடிவதற்குள்.
ராஜவேணி எண்ணித் தந்ததில் ஐந்நூறு குறைந்தது.
"வெடிப்ப அடச்சிட்டுத் தர்றேன்."
சரி என்றேன்.
அவள் கையில் இன்னும் அந்தக் கட்டை இருந்தது,
கீழே போட மறந்திருந்தாள்.

திரும்பும்போது இருட்டு.
வெறும் வண்டி, காற்றாகப் பறந்திருக்க வேண்டும்.
அதே பாலத்தின் இறக்கத்தில்
தள்ள யாருமில்லாமல்
முன்கூட்டியே பிரேக்கை மிதித்துவிட்டேன்.
கண்ணாடியில் ரோடு மட்டும் இருந்தது.
பின்னால் வந்த மணல் லாரிக்காரன்
தலையை வெளியே நீட்டி
என் அம்மாவை விசாரித்தான்.