வரிசை எண் 619

அவருக்கு இடப்பக்கம், அரை அடி பின்னால் நான்.
கையில் வாக்காளர் பட்டியல், பாகம் எண் நூற்றுப் பதினான்கு,
ஓரமெல்லாம் வியர்வையில் நனைந்து காய்ந்து
அப்பளமாய்ச் சுருண்டு கிடக்கிறது.
கதவு திறப்பதற்கு முந்தைய நொடியில்
காதில் பெயர் சொல்வது என் வேலை.
'கஸ்தூரி. மூணு ஓட்டு. பையன் துறைமுகத்துல.'
உடனே அவர் முகம் விரியும்:
'கஸ்தூரிம்மா! பையன் துறைமுகத்துலதானே இன்னும்?'
அந்த அம்மா நெகிழ்ந்துபோய்
முந்தானையில் கை துடைத்து வணக்கம் வைப்பார்.

வியாசர்பாடி. ஏப்ரல் வெயில்.
மேளம் அடிக்கிற பையன்கள் மோர்ப்பந்தலுக்குப் போய்விட்டார்கள்.
டி பிளாக்கில் சுற்றிய அதே ஆரத்தித் தட்டு
சந்து வழியாக ஓடி
ஈ பிளாக் வாசலில் எங்களுக்கு முன்னால் நிற்கிறது, மூச்சு வாங்க.
அவர் மறுபடி குனிந்தார்.
நெற்றியில் சிவப்பின்மேல் சிவப்பு.

எங்கள் சின்னம் இஸ்திரிப்பெட்டி.
நோட்டீஸைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த
வண்டிக்காரர் தணிகாசலம் சொன்னார்:
'இது கரண்ட்டுல ஓடுறது சார். நம்மள்து கரி.'
அவர் சிரித்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.
தணிகாசலம் அதற்குள்
ஒரு சட்டையின் காலருக்குப் போய்விட்டார்.

இரண்டாம் மாடியில் ஒரு கதவு
சங்கிலி விட்ட அளவுக்கே திறந்தது.
ஒரு கண், ஒரு மூக்குத்தி, ஒரு கேள்வி:
'இது கார்ப்பரேஷன் ஓட்டா, டெல்லி ஓட்டா?'
'டெல்லிக்குத்தான்மா.'
'அப்ப ரொம்ப தூரம்.'
மூடிக்கொண்டது.

மூன்றாம் மாடிக்கு நாற்பத்திரண்டு படி.
குடத்தோடு ஏறினால் அறுபது.
எனக்குத் தெரியும்,
இன்று காலை ஏறவில்லை என்றாலும்.
ஆறு மணிக்கே பணிமனையில் இருந்தேன்.

நீலக் கதவு. போன பொங்கலுக்கு அடித்த பெயிண்ட்,
தாழ்ப்பாள் பக்கம் மட்டும் ஒரு கோட் குறைவு.
டப்பா காலியாகிவிட்டது அன்றைக்கு.
அவர் காதைச் சாய்த்தார்.
பதினொரு நாளாய் அந்தக் காதுக்குள் பேசுகிறேன்,
மடலில் இருக்கும் மச்சம்வரை பழக்கம்.
என்னைத் தம்பி என்பார்.
பெயர் அவர் கேட்டதில்லை,
நானாகச் சொன்னதும் இல்லை.

'அம்சவேணி. ரெண்டு ஓட்டு.'
கொஞ்சம் நிறுத்தி,
'வீட்டுக்காரர் வெளிவேலை.'

'அம்சவேணிம்மா! வீட்டுக்காரர் வேலைக்குக் கெளம்பிட்டாரா?'

அவள் அவரைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
என் கழுத்தில் கிடந்த புதுத் துண்டைப் பார்த்தாள்.
இடுப்புக் குடத்தை இறக்கி வைக்காமலே,
'ஆமா சார், விடியறதுக்குள்ளயே.
எப்ப வருவாருன்னு
உங்களுக்குத்தான் தெரியும்.'

பின்னால் யாரோ இருமினார்கள்.
அவர் அதையும் ஒரு பாராட்டாக வாங்கிக்கொண்டு,
'என்ன கொறைம்மா, தயங்காம சொல்லுங்க.'

'மூணாம் மாடிக்குத் தண்ணி ஏறி நாலு மாசமாச்சு சார்.
மோட்டார் ரிப்பேருன்றாங்க.
தூக்கியாந்து குடுக்க ஒரு ஆளு இருந்தாரு.
இப்ப அவரும் ஊருக்கு ஒழைக்கிறாரு.'

அவர் முகத்தில் வருத்தம் வந்தது.
நிஜ வருத்தம், அதைச் சொல்லியாக வேண்டும்,
இந்தப் பதினொரு நாளில் அவர் நடித்து நான் பார்த்ததில்லை.
என் பக்கம் திரும்பி,
'தம்பி, குறிச்சுக்கோங்க.'

நோட்டைத் திறந்தேன்.
முந்நூற்று ஏழாவது குறை.
ஈ பிளாக், கதவு எண் முப்பத்தொன்று,
என்று என் வீட்டை என் கையெழுத்தில்
யார் வீட்டையோ எழுதுவதுபோல் எழுதினேன்.
அவள் எட்டிப் பார்த்து,
'வெறும் முப்பத்தொண்ணு இல்ல.
முப்பத்தொண்ணு பை ஏ' என்றாள்.
திருத்தினேன்.

அடுத்த வாசல். காது சாய்கிறது.
பட்டியலில் அவளுக்குக் கீழே
வரிசை எண் 619, ஆண், வயது 38, பெயர் அச்சில் இருக்கிறது.
அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு
620-ஐச் சொன்னேன்.

முதுகுக்குப் பின்னால்
கதவு சாத்தும் சத்தம் வரும் என்று இருந்தேன்.
வரவில்லை.
காலிக் குடம் ஒன்று
கைப்பிடிச் சுவரில் இடித்து இடித்துப்
படியிறங்கிப் போனது.